இழுப்பறையைக் கவிழ்த்துப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் தச்சர்கள் செய்த மேசை, நாற்காலி, அலமாரிகளையும் அவர்களுடைய பட்டறைப் பழக்கங்களையும் முறையாகப் படிக்க வேண்டும், நடை (ஸ்டைல்) வகைகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதில் தொடங்கலாமா, வேறு வழி இருக்கிறதா?

நடை வகைகளில் தொடங்க வேண்டாம். குயின் ஆன், சிப்பண்டேல், ஃபெடரல் என்ற பெயர்கள் பிற்காலத்துச் சேகரிப்பாளர்களும் வியாபாரிகளும் தங்கள் வசதிக்காக ஒட்டிக்கொண்டவை. அவற்றை ஒரு வாரத்தில் கற்றுவிடலாம். கற்ற பிறகும் அந்த மேசையைச் செய்தவர் காலையில் எழுந்து என்ன செய்தார், யாரோடு சேர்ந்து செய்தார், எப்படிக் கூலி வாங்கினார் என்று ஒன்றும் தெரிந்திருக்காது. என் யோசனை வேறு. எந்தப் பொருளைப் பார்த்தாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்த ஆள் எங்கே உழைப்பைச் செலவழித்தார், எங்கே மிச்சம் பிடித்தார்? பட்டறைப் பழக்கம் முழுவதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அந்தக் கணக்கு பொருளின் முன்பக்கத்தில் தெரியாது.

ஓர் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். முகப்புப் பலகை மகோகனி அல்லது வால்நட். கண்ணாடி போல இழைத்து, வார்னிஷ் பூசியிருக்கும். அடிப்பலகையின் கீழ்ப்புறத்தில் கையை வைத்தால் அலை அலையாகத் தட்டுப்படும். பலகையை விரைவாகக் கனம் குறைப்பதற்கு, வெட்டும் முனையைச் சற்று வளைவாகத் தீட்டிய நீண்ட இழைப்புளியை ஓட்டுவார்கள்; அது ஆழமற்ற பள்ளங்களை விட்டுச் செல்லும். கண்ணில் படும் பக்கம் என்றால் அடுத்ததாக நேர்முனை இழைப்புளியும், அதன் பிறகு சுரண்டு தகடும் வரும். கண்ணில் படாத பக்கம் என்றால் முதல் இழைப்போடு வேலை முடிந்தது. இதைச் சோம்பல் என்று எண்ணக்கூடாது. வாங்குகிறவர் பார்க்காத இடத்துக்கு அவர் காசு கொடுக்கப் போவதில்லை என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும்.

முகப்பும் பக்கப் பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். விசிறி வடிவில் கோத்த டவ்டெயில் மூட்டு இருக்கும். அதன் அடிக்கோட்டைக் குறிக்க ஊசி வைத்த கட்டையால் கீறிய கோடு, பக்கப் பலகையில் இன்றும் அப்படியே இருக்கும்; அதை அழிக்க யாரும் நேரம் செலவழிக்கவில்லை. முகப்புப் பலகையின் உட்புறத்தில் ரம்பத்தின் தடம் கோட்டைத் தாண்டிச் சாய்வாக ஓடியிருக்கும். முன்பக்கம் மூட்டு தெரியக்கூடாது என்பதால் ரம்பத்தை முழுவதும் இறக்க முடியாது. மூலையில் மிஞ்சும் மரத்தை உளியால்தான் எடுக்க வேண்டும். ரம்பத்தைக் கொஞ்சம் தாண்டி இழுத்துவிட்டால் உளிக்கு வேலை குறையும். நல்ல பட்டறைகளின் நல்ல பொருள்களிலேயே இந்தத் தடத்தைக் காணலாம். இன்றைக்குப் பொழுதுபோக்காக மரவேலை செய்கிறவர் அப்படி ஒரு தடத்தைத் தன் இழுப்பறையில் பார்த்தால் வெட்கப்படுவார். பழைய ஆள் வெட்கப்படவில்லை. அவருக்கு அன்று மாலைக்குள் நான்கு இழுப்பறை முடிய வேண்டும்.

கருவிகளின் தடங்கள் காலத்தையும் சொல்லும். குழிக்குள் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று அறுத்த பலகையில் கோடுகள் சீரற்ற சாய்வில் இருக்கும். தண்ணீர் ஓட்டிய ஆலையில், சட்டத்தில் பூட்டிய ரம்பம் மேலும் கீழும் போய் அறுத்த பலகையில் கோடுகள் நேராக, சம இடைவெளியில் விழும். வட்ட ரம்பம் வில் போன்ற கோடுகளை விடும். அது 19ஆம் நூற்றாண்டின் சமாச்சாரம். 1760இல் செய்தது என்று சொல்லப்படும் மேசையின் பின்பலகையில் வில் கோடு இருந்தால், அந்தப் பலகை மாற்றப்பட்டது, அல்லது சொல்லப்படும் கதை தவறு. ஆணிகளும் அப்படியே: கொல்லர் அடித்த ஆணி, 1790களிலிருந்து தகட்டில் வெட்டிய ஆணி, அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்துக் கம்பி ஆணி. திருகாணியின் நுனி 1840கள் வரைக்கும் மொட்டையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகுதான் கூர் நுனி. மரமும் சாட்சி சொல்லும். மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும், நெடுக்கில் ஏறத்தாழ சுருங்காது. ஆகவே 250 வருடத்து வட்ட மேசையை இரு திசையிலும் அளந்தால் குறுக்கே கால் அங்குலமோ அதற்கு மேலோ குறைய வேண்டும். மிகச் சரியான வட்டம் என்றால் சந்தேகப்படுங்கள்.

உள்ளே பயன்படுத்திய மலிவு மரம் ஊரைக் காட்டிக்கொடுக்கும். மகோகனி கடல் வழியாக எல்லாத் துறைமுகங்களுக்கும் வந்தது. ஆகவே முகப்பை மட்டும் பார்த்து எந்த ஊர் என்று சொல்வது கடினம். இழுப்பறையின் பக்கங்களுக்கும் பின்பலகைகளுக்கும் யாரும் கப்பலில் வந்த மரத்தை வாங்கமாட்டார்கள். பக்கத்துக் காட்டில் கிடைத்ததைப் போடுவார்கள். பாஸ்டனில் அது வெள்ளைப் பைன். ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் செஸ்ட்நட்டும் துலிப் பாப்ளரும். பிலடெல்பியாவில் துலிப் பாப்ளர், மஞ்சள் பைன், இழுப்பறை அடிக்கு வெள்ளை சீடார். சார்ல்ஸ்டனில் சைப்ரஸ். இது சட்டமல்ல, பலகைகளும் ஊர் விட்டு ஊர் போயின. ஆனால் தொடக்கத்துக்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது.

இதற்கெல்லாம் மேலாக நான் மதிப்பது மூட்டுப் பழக்கத்தை. ஒருவர் பார்வைக்கு எந்த ஊரின் நாகரிகத்தையும் நகலெடுக்கலாம். இங்கிலாந்தில் தாமஸ் சிப்பண்டேல் 1754இல் வெளியிட்ட வடிவப் புத்தகம் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து அந்த வேலையைச் சுலபமாக்கியது. ஆனால் பட்டறையில் கை பழகிய மூட்டு முறை லேசில் மாறாது. கனெக்டிகட்டின் ஈஸ்ட் விண்ட்சரில் பட்டறை நடத்திய எலிஃபலெட் சேப்பின் நல்ல உதாரணம். 1741இல் பிறந்தவர்; 1760களின் பிற்பகுதியில் சில ஆண்டுகள் பிலடெல்பியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினார். அவருடைய நாற்காலிகள் உள்ளூர் செர்ரி மரத்தில், செதுக்கல் குறைவாக, ஒடிசலாக இருக்கும். பிலடெல்பியாவின் பகட்டு அவற்றில் இல்லை. பின்கால்களை மட்டும் பின்னாலிருந்து பாருங்கள். உட்காரும் சட்டத்தின் பக்கக் கட்டைகளிலிருந்து நீளும் நாக்கு, பின்காலை முழுவதும் துளைத்துக்கொண்டு பின்னால் முகம் காட்டும். அது பிலடெல்பியாவின் பழக்கம். கனெக்டிகட்டையும் சேர்த்த அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான புது இங்கிலாந்தின் பட்டறைகளில் நாக்கு காலுக்குள்ளேயே நின்றுவிடும். வாடிக்கையாளரின் ரசனைக்காக வெளித்தோற்றத்தை அடக்கிக்கொண்டவர், உள்ளே தான் கற்றபடியேதான் செய்தார்.

கருவியின் தடத்தைப் படிக்கத் தெரியாவிட்டால் பெரிய அருங்காட்சியகமே ஏமாறும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. மாசசூசெட்ஸின் பிளிமத்தில், முதலில் குடியேறியவர்களின் தலைவர்களுள் ஒருவரான வில்லியம் ப்ரூஸ்டருடையது என்று சொல்லப்படும், கடைசல் தண்டுகளால் ஆன 17ஆம் நூற்றாண்டு நாற்காலி இருக்கிறது. ரோட் ஐலண்டைச் சேர்ந்த சிற்பி ஆர்மண்ட் லாமொன்டான், நிபுணர்களைச் சோதிப்பதற்கென்றே 1969இல் அதே வகை நாற்காலி ஒன்றைச் செய்து, பழமையேற்றி, கைமாற விட்டார். அது மிச்சிகனிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்துக்கு அசல் என்றே போய்ச் சேர்ந்தது. 1970களில் அவர் உண்மையைச் சொன்னார். தண்டுகள் செருகியிருந்த துளைகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, அவை நவீனத் துளைக்கருவி போட்டவை என்று தெரிந்தது. பழைய கரண்டி வடிவத் துளைக்கருவி துளையின் அடியைக் குழிவாக விடும். நவீன முனையின் தடம் வேறு. அருங்காட்சியகம் அந்த நாற்காலியை ஒளித்துவைக்கவில்லை, பாடமாகவே வைத்திருக்கிறது. அந்த நேர்மைக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும்.

இனி பட்டறைக்குள் போவோம். ஒரே ஒரு பட்டறையை ஆழமாகப் படிக்க நேரம் இருக்கிறது என்றால் டொமினி குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். நியூயார்க்கின் லாங் ஐலண்டின் கிழக்குக் கோடியில் ஈஸ்ட் ஹாம்ப்டன். அங்கே நான்காம் நத்தானியேல் டொமினி (1737–1812), அவர் மகன் ஐந்தாம் நத்தானியேல் (1770–1852), பேரன் ஃபீலிக்ஸ் (1800–1868) என்று மூன்று தலைமுறை மரவேலையும் கடிகார வேலையும் செய்தது. பொருள்கள் மட்டும் பிழைத்த பட்டறைகள் உண்டு, கணக்கு மட்டும் பிழைத்தவை உண்டு. இங்கே கருவிகள், கணக்குப் புத்தகங்கள், செய்த பொருள்கள் மூன்றும் ஒன்றாகத் தப்பின. வீடு 1946இல் இடிக்கப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளைக் கொண்ட அந்தத் தொகுப்பு 1957இல் டெலவேரிலுள்ள வின்டர்தர் அருங்காட்சியகத்துக்கு வந்தது; பட்டறையை அங்கே மறுபடி அமைத்துக் காட்டுகிறார்கள்.

டொமினி பட்டறையில் என்னை வெகுநேரம் நிறுத்துவது மாதிரிப் பலகைகள்தான். வளைந்த கால், நாற்காலி முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பலகையில் வெட்டிய உருவம். அதை மரத்தின் மேல் வைத்துக் கோடு போட்டால் வளைவு தயார். காகிதத்தில் வரைபடமும் இல்லை, புத்தகமும் தேவையில்லை. ஒரு குடும்பத்தின் நாற்காலிகள் இருபது வருட இடைவெளியிலும் ஒரே சாயலில் இருப்பதற்கு ரசனை மாறாதது மட்டும் காரணமல்ல. அதே பலகை சுவரில் தொங்கிக்கொண்டிருந்ததும் காரணம். அடுத்தது கடைசல். பெரிய சக்கரத்தை ஒருவர் சுழற்ற, கயிறு வழியாக வேகம் ஏறி, இன்னொருவர் உளி பிடிக்கும் இயந்திரம் அங்கே இருந்தது. பெரிய உருப்படி என்றால் இரண்டு பேர் வேண்டும் என்று பொருள். தொழில் பழக வந்த பையன் முதலில் சுழற்றக் கற்றுக்கொண்டான், பிறகுதான் கடைய.

அவர்களுடைய கணக்குப் புத்தகத்தில் மேசையும் அலமாரியும் மட்டும் இல்லை. கருவிக்குப் பிடி போட்டது, வண்டியைப் பழுது பார்த்தது, சவப்பெட்டி செய்தது என்று ஊருக்கு வேண்டிய எல்லாம் வரும். ஐந்தாம் நத்தானியேல் காற்றாலைகளும் கட்டினார். 1806இல் அவர் கட்டிய ஹூக் காற்றாலை ஈஸ்ட் ஹாம்ப்டனில் இன்றும் நிற்கிறது. ஃபீலிக்ஸ் காலத்தில் நகரத்துச் சரக்கோடு போட்டி போட முடியவில்லை. அவர் 1835இல் ஃபயர் ஐலண்ட் கலங்கரை விளக்கத்தின் காவலராகப் போய்விட்டார். ஒரு தொழிலின் முடிவைப் பற்றி எத்தனையோ பக்கம் எழுதலாம். அந்த ஒரு வேலை மாற்றமே எனக்குப் போதும்.

கணக்குப் புத்தகங்களைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போவதில்லை. இங்கிலாந்தின் சஃபோக்கிலிருந்து 1717இல் பிலடெல்பியா வந்து சேர்ந்த ஜான் ஹெட் என்ற தச்சரின் கணக்கு 1718 முதல் 1753 வரை ஓடுகிறது; அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது. பல காலம் யாரும் அதன் மதிப்பை உணரவில்லை. அதைப் படித்த பிறகுதான் கடிகாரப் பெட்டிகளும் இழுப்பறைப் பெட்டிகளுமாகப் பல பொருள்களுக்குச் செய்தவர் பெயர் கிடைத்தது. காசு கைமாறுவது குறைவு. கொடுத்த பெட்டிக்குச் சரக்காகவோ உழைப்பாகவோ திரும்பி வரும்; இரண்டு பக்கக் கணக்கும் வருடக்கணக்கில் நீளும். இப்படிப் பார்த்தால் தச்சர் ஓரளவுக்குக் கடைக்காரரும்கூட.

பிலடெல்பியாவிலேயே 1772இல் அச்சான விலைப்பட்டியல் ஒன்று இருக்கிறது. பட்டறை முதலாளிகளும் கூலித் தச்சர்களும் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளச் செய்தது. ஒவ்வொரு பொருளுக்கும் மகோகனியில் என்ன விலை, வால்நட்டில் என்ன விலை, செய்யும் கூலித் தச்சருக்கு என்ன கூலி என்று பத்தி பத்தியாகப் போகிறது. சாதாரண நாற்காலிக்கு ஒரு விலை. பாதத்தைப் பறவை நகம் உருண்டையைப் பிடித்தாற்போலச் செதுக்கினால் இவ்வளவு கூடுதல். முழங்கால் வளைவில் இலை செதுக்கினால் இன்னும் இவ்வளவு. இதைப் படித்த பிறகு அருங்காட்சியகத்தில் ஒரு பிலடெல்பியா நாற்காலியின் முன்னால் நின்றால் கண் வேறு மாதிரி வேலை செய்யும். அழகு என்று நாம் சொல்வதை அவர்கள் ஒவ்வோர் உறுப்பாக விலை பேசி வாங்கியிருக்கிறார்கள்.

செதுக்கியவரும் செய்தவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. ஜான் கேட்வாலடர் என்ற செல்வந்தர் தன் பிலடெல்பியா வீட்டுக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த தாமஸ் ஆஃப்லெக்கிடம் பொருள்கள் வாங்கினார். ஆஃப்லெக் கொடுத்த ரசீதில் ஜேம்ஸ் ரெனால்ட்ஸ் என்ற செதுக்குக் கலைஞருக்கும், பெர்னார்ட் அண்ட் ஜூஜியே என்ற செதுக்குப் பட்டறைக்கும் சேர வேண்டிய தொகை தனியாகக் காட்டப்பட்டிருக்கிறது. “ஆஃப்லெக் செய்த மேசை” என்று நாம் சொல்லும்போது குறைந்தது மூன்று பட்டறைகளின் வேலையை ஒரு பெயருக்குக் கீழே வைக்கிறோம்.

அந்தப் பெயருக்குக் கீழே மறைந்தவர்களில் கூலித் தச்சர்களும் பழகும் பையன்களும் மட்டும் இல்லை. வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கில் ஆன்டனி ஹே நடத்திய பட்டறை புகழ்பெற்றது. 1960வாக்கில் அந்த இடத்தைத் தோண்டியபோது அரைகுறையாக விட்ட நாற்காலித் துண்டுகள்கூடக் கிடைத்தன. பட்டறையை மறுபடி கட்டி, இன்றும் கைக்கருவிகளால் வேலை செய்துகாட்டுகிறார்கள். ஹே 1770இல் இறந்தபின் அவருடைய சொத்தை விற்க வந்த விளம்பரத்தில், விற்பனைக்கு வைத்த அடிமை மனிதர்களில் ஒருவர் நல்ல மரவேலைக்காரர் என்று சொல்லியிருக்கிறார்கள். ஹேயின் பெயரால் நாம் வியக்கும் வேலையில் அவர் கை எவ்வளவு என்று எந்த மூட்டும் தனியாகச் சொல்லாது. மகோகனியும் அப்படித்தான்: ஜமைக்காவிலும் ஹோண்டுராஸ் வளைகுடாவிலும் அதை வெட்டி இழுத்துக் கரை சேர்த்தவர்கள் அடிமைகள்.

சில பெயர்கள் தப்பின. மாசசூசெட்ஸின் ரென்தமில் இழைப்புளி செய்த ஃபிரான்சிஸ் நிக்கல்சனிடம் அடிமையாக இருந்தவர் சீசர் செலர். 1753இல் நிக்கல்சன் இறந்தபோது உயில்படி விடுதலையும் நிலமும் கருவிகளும் பெற்று, 1784இல் இறக்கும்வரை தன் பெயரையே பொறித்து இழைப்புளிகள் விற்றார். அந்த முத்திரை உள்ள கருவிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று தேடி வாங்குகிறார்கள். அடுத்த நூற்றாண்டில் வட கரோலினாவின் மில்டனில் தாமஸ் டே என்ற சுதந்திரக் கறுப்பினத்தவர், 1850வாக்கில் மாநிலத்திலேயே பெரிய மரச்சாமான் பட்டறைகளுள் ஒன்றை நடத்தினார்; நீராவி இயந்திரமும் வைத்திருந்தார். அவரிடமும் அடிமைகள் இருந்தார்கள். இந்த வரலாற்றைப் படிக்க வருகிறவர் அதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நியூபோர்ட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். டவுன்செண்ட், கொடார்ட் என்ற இரண்டு குவேக்கர் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) குடும்பங்கள் ஒரே பேட்டையில் வசித்து, தங்களுக்குள் மணம் செய்து, முகப்பு முன்தள்ளியும் உள்வாங்கியும் மேலே சிப்பி செதுக்கியதுமான ஒரு வகையை வளர்த்தார்கள். சிப்பிகளில் உள்வாங்கியதைப் பெரும்பாலும் முகப்புப் பலகையிலேயே குடைந்தார்கள். புடைத்ததைத் தனியாகச் செதுக்கி வச்சிரத்தால் ஒட்டினார்கள். கனமான மகோகனியை வீணாக்காமல் இருக்கும் தந்திரம் அது. இங்கேயும் அதே கணக்குதான். அந்தக் காலத்து ரோட் ஐலண்ட் வணிகர் நிக்கலஸ் பிரவுனுக்காகச் செய்த எழுதுமேசை அலமாரி ஒன்று 1989இல் 1 கோடியே 21 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த விலை படிப்பையும் கொஞ்சம் கெடுத்தது என்பது என் கருத்து: எல்லோரும் சிப்பியைப் பார்க்கிறார்கள். அதே ஊர் கப்பலில் ஏற்றி வெளியூர்களுக்கு விற்ற சாதா எழுதுமேசைகளை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவற்றில்தான் பட்டறையின் அன்றாடம் இருக்கிறது.

தூரத்தில் இருந்து படிப்பவருக்கு வழி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தின் ரோட் ஐலண்ட் மரச்சாமான் ஆவணத்தொகுப்பு இணையத்தில் இலவசம். ஒவ்வொரு பொருளுக்கும் உள் மரம், மூட்டு, சுண்ணக்கட்டிக் குறிகள் வரை விவரம் இருக்கும். தென் மாநிலங்களுக்கு, வட கரோலினாவின் வின்ஸ்டன் சேலமில் 1965இல் திறந்த தெற்கத்தி அலங்காரக் கலை அருங்காட்சியகம் கைவினைஞர் தரவுத்தளம் ஒன்றை வைத்திருக்கிறது. நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஜான் டவுன்செண்ட் 1765இல் பெயர் எழுதி ஒட்டிய இழுப்பறைப் பெட்டியின் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கலாம். எல்லா ஊரையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். ஒரு பட்டறை, அதன் ஒரு வகைப் பொருள், ஆறு மாதம், அது போதும்.

அதோடு உங்கள் கையால் ஓர் இழுப்பறை செய்யுங்கள். மெஷின் வேண்டாம், ஒரு ரம்பம், இரண்டு உளி, ஓர் இழைப்புளி, மூலைமட்டம், கோடு கீறும் கட்டை. பலகையை நீங்களே கனம் குறைத்து இழையுங்கள். அரை நாள் வியர்த்த பிறகு அடிப்பலகையின் கீழ்ப்புறத்தை வழவழப்பாக்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிவரும். அப்போது எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று கவனித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும் எடுத்துப் போங்கள்.